ஆண் மேலாளர், பெண் மேலாளர்: அப்ரைசல் நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓஎம்ஆர் ஐடி நிறுவனமோ, அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையோ, மார்ச் மாதம் வந்தால் அப்ரைசல் (ஆண்டு வேலை மதிப்பீடு) பேச்சுதான். "லேடி மேனேஜர்னா அனுசரிச்சுப் போவாங்க, ஆம்பளைன்னா கறாரா வேலை வாங்குவாரு" என்பதும் கூடவே வரும். இதை விதியாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு.

1990-ல் ஆலிஸ் ஈக்லி, பிளேர் ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களைக் கலந்துகொண்டு முடிவெடுப்பது பெண்களிடம் சற்று அதிகம் இருந்தது. ஆனால் பெண்கள் உறவைப் பார்ப்பார்கள், ஆண்கள் காரியத்தைப் பார்ப்பார்கள் என்ற வித்தியாசம் ஆய்வுக்கூடச் சோதனைகளில்தான் தெரிந்தது. நிஜ நிறுவனங்களின் மேலாளர்களிடம் இல்லை. ஒரே பதவிக்குத் தேர்வாகி, ஒரே பயிற்சி பெற்று, ஒரே டார்கெட்டைத் துரத்துபவர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். சராசரியில் சிறு வேறுபாடு இருந்தாலும், உங்கள் டீம் லீட் எப்படிப்பட்டவர் என்பதை அது சொல்லாது.

சரி, நடத்தை ஒன்றாக இருந்தால் மதிப்பீடும் ஒன்றாக இருக்கிறதா? அதுதான் இல்லை. அதிகாரமாக நடத்தும் பெண்ணுக்கு, அப்படியே நடத்தும் ஆணைவிடக் குறைந்த மதிப்பு கிடைப்பதாக 1992-ல் ஈக்லி குழுவின் இன்னொரு தொகுப்பாய்வு காட்டியது. டெலிவரி தள்ளிப்போனதற்கு ஆண் சத்தம் போட்டால் பொறுப்பு, பெண் போட்டால் கோபம். இது அநியாயம். ஆண்களும் இதில் தப்புவதில்லை: எல்லோரிடமும் கருத்துக் கேட்பவருக்கு 'முடிவெடுக்கத் தெரியாதவர்' என்ற பெயர். அதனால் அப்ரைசல் எழுதும்போது குணத்தை எழுதாதீர்கள். என்ன நடந்தது, என்ன விளைந்தது என்று எழுதுங்கள். அப்புறம் பெண் பெயர் இருக்கும் இடத்தில் ஆண் பெயரை, ஆண் பெயர் இருக்கும் இடத்தில் பெண் பெயரை மாற்றிப் போட்டு ஒருமுறை வாசியுங்கள். உறுத்தினால் திருத்துங்கள்.

இன்னொன்று, அக்கறையாகச் செய்யும் தவறு. 2017-ல் மகப்பேறு சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், பிரசவத்துக்கு 26 வாரம் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. விடுப்பு முடிந்து வந்தவரிடம் கேட்காமலே, "குழந்தை சின்னது, பாவம்" என்று பெரிய ப்ராஜெக்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த பதவி உயர்வு அங்கேயே நழுவிவிடுகிறது. முடியுமா, முடியாதா என்று அவரே சொல்லட்டும்.

ஆயுதபூஜை ஏற்பாடு, பிறந்தநாள் கேக், மீட்டிங் குறிப்பு எல்லாம் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறதா? முறை வைத்து மாற்றுங்கள். மேலாளர் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.