சாம்பிள் ஒன்று, சரக்கு ஒன்று: முந்திரி ஏற்றுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் பக்கம் போனால் முந்திரிக்கொட்டை காயும் களங்களைப் பார்க்கலாம். பத்துப் பேரை வைத்துப் பருப்பு உடைக்கும் சின்ன யூனிட்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இடையில ஆள் எதுக்கு, நாமளே வெளிநாட்டுக்கு அனுப்பினா என்ன?" தாராளமாக அனுப்பலாம். நம் பருப்பின் ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் தடவை போன அதே தரம் மூன்றாவது தடவையும் போகிறதா என்பதைத்தான் வாங்குபவர் பார்ப்பார். நம்மவர்கள் அடி வாங்குவது அங்கேதான்.

பெரும்பாலும் சாம்பிளிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. வளைகுடா நாட்டுக்கு முதல் ஆர்டர் பிடித்த ஒருவருக்கு விலையில் பெரிய பிடித்தம் விழுந்தது. என்ன நடந்தது என்று பார்க்க அவர் யூனிட்டுக்குப் போனேன். ஆர்டர் டபிள்யூ 320 தரத்துக்கு. ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப்பருப்பு இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. அனுப்பியது போக மீதமிருந்த டின் ஒன்றைப் பிரித்து 454 கிராம் நிறுத்துப் பாயில் கொட்டினோம். தோல் உரிக்கும் அக்காக்கள் இரண்டு பேர் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணினார்கள். 350-ஐத் தாண்டிவிட்டது, அதாவது பருப்பு சிறிது. சாம்பிளில் மீந்ததை எண்ணினால் 306. அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. முதல் சாம்பிள் ஆயிற்றே என்று ஆசை ஆசையாகப் பெரிய பருப்பாகப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். சாம்பிளை எப்போதும் அனுப்பப்போகும் சரக்கிலிருந்தே எடுங்கள். நாலைந்து டின்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, பாதியை அனுப்பி, பாதியைத் தேதி எழுதி ஒட்டி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்தப் பாக்கெட்தான் உங்களுக்காகப் பேசும்.

அடுத்தது ஈரம். பருப்பில் ஈரப்பதம் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்றே நனைந்து கிடக்கும். கையால் ஒடித்துப் பார்த்து "காஞ்சிருச்சு" என்று சொல்வது உள்ளூர் வியாபாரத்துக்குப் போதும். கப்பலில் வாரக்கணக்கில் அடைந்து கிடக்கும் சரக்குக்குப் போதாது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. நேரடியாகச் சாப்பிடும் முந்திரியில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். அமெரிக்காவில் வரம்பு 20. ஆக, ஒரு நாட்டுக்குத் தேறிய சரக்கு இன்னொரு நாட்டில் தேறாமல் போகலாம். எந்த நாடு என்று முடிவு செய்துவிட்டு, டின் அடைப்பதற்கு முன்பே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதனை செய்யுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு வரும் ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்ய முடியும்?

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். இங்கே உடைபடும் கொட்டையில் நிறைய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் நம் முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வெளிக் கொட்டையை வாங்கி உடைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அதை உடைத்து 'பண்ருட்டியில் விளைந்தது' என்று லேபிள் ஒட்டுவது பொய். எந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், போதும்.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவு உண்டு. பெட்டியில் கொண்டுபோன மசாலா முந்திரியை அங்கே எல்லாரும் புகழ்ந்தார்கள் என்பதை நம்பி இயந்திரம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். உறவுக்காரர் புகழ்வது பாசத்தில். கடைக்காரர் கேட்பது காகிதம். நெய், பால் சேர்ந்த பண்டம் என்றால் ஐரோப்பாவில் அதற்குத் தனி விதிகள் வேறு. மிளகாய்த்தூளைச் சில்லறையாக வாங்கிப் போடுவதும் ஆபத்து. 2005-இல் மிளகாய்த்தூளில் கலந்திருந்த 'சூடான்' என்ற, உணவில் சேர்க்கக்கூடாத செயற்கைச் சாயத்தால் பிரிட்டனில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். தூள் சேர்ந்தது ஒரு சாஸில். அந்த சாஸ் சேர்ந்த பண்டமெல்லாம் மாட்டிக்கொண்டது.

லேபிளில் தேதியை 03/04 என்று போடாதீர்கள். நமக்கு அது ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்திலேயே போடுங்கள். மரப் பலகை மேல் அடுக்கி அனுப்பினால், அந்த மரம் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தியதற்கான முத்திரையோ, பூச்சி சாக மருந்துப் புகை மூட்டியதற்கான முத்திரையோ இருக்க வேண்டும். மூலையில் கிடந்த பழைய பலகையைத் தூக்கிப் போட்டால் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும்.

விலை சொல்லும்போது கப்பலில் ஏற்றும் வரைக்கான விலையா, அவர்கள் துறைமுகம் வரை கூலியும் காப்பீடும் சேர்த்தா என்று தெளிவாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் இனிக்க இனிக்கப் பேசினார் என்பதற்காக முழுக் கடனில் சரக்கு அனுப்பாதீர்கள். முன்பணமோ, பணத்துக்கு அவர் வங்கி உறுதி சொல்லும் கடன் உறுதிக் கடிதமோ (எல்.சி.) கேளுங்கள். அதற்கு மறுத்தால், வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் அரசு நிறுவனமான ஈசிஜிசியில் காப்பீடு எடுத்த பிறகே ஏற்றுங்கள்.

அப்புறம், ஏற்றுமதி செய்ய அரசிடம் வாங்க வேண்டிய ஐஇசி எண்ணை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். விவரம் எதுவும் மாறாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரை இணையத்தில் போய் அதை உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும். மே மாதத்தில் கொட்டை வரவு மும்முரத்தில் இதை மறப்பவர்கள்தான் அதிகம். காலண்டரில் ஏப்ரல் முதல் வாரத்திலேயே வட்டம் போட்டு வையுங்கள்.