எண்ணெய்க் கிணற்றில் வாயுக் குமிழ்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர்ப் பக்கம் புதிதாகப் போர் போட்டதும் கம்ப்ரஸர் குழாயை அடிவரை இறக்கிக் காற்றை ஊதுவார்கள். முதலில் சேறும், பிறகு நுரைத்த கலங்கல் தண்ணீரும் பீறிடும். குமிழ்கள் கலந்த நீர்த்தம்பம் எடை குறைந்துவிடுவதால், கீழிருக்கும் அழுத்தமே அதை மேலே தள்ளிவிடுகிறது. இதே காவிரிப் படுகையில்தான் புவனகிரி, நரிமணம் எண்ணெய் வயல்களும் இருக்கின்றன. அழுத்தம் தளர்ந்த எண்ணெய்க் கிணற்றில் வாயுவைச் செலுத்தி எண்ணெயை மேலேற்றும் ‘கேஸ் லிஃப்ட்’ முறைக்கும் அடிப்படை இதுவே. ஆனால் அங்கே காற்றை ஊதக் கூடாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெய் ஆவியோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடும்; இரும்புக் குழாயையும் அரிக்கும். ஆகவே இயற்கை எரிவாயுவை அழுத்தி, கிணற்றின் வெளிக் குழாயான கேசிங்குக்கும், எண்ணெய் மேலேறும் உள் குழாயான ட்யூபிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாகச் செலுத்துகிறார்கள்.

வாயுவைக் கூட்டக் கூட்ட எண்ணெயும் கூடும் என்று நம்புவதுதான் பெருந்தவறு. 1,000 மீட்டர் நீர்த்தம்பம் அடியில் ஏறத்தாழ 100 வளிமண்டல அழுத்தத்தைத் தரும். குமிழ்கள் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதுவரை ஆதாயமே. ஆனால் ஆழத்தில் சிறிதாக இருக்கும் குமிழ் மேலே வரவரப் பல மடங்கு விரிகிறது என்பதை மறந்து வாயுவை மேலும் திணித்தால், குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குழாயை அடைக்கும் பெருங்குமிழ்களாகி, இறுதியில் நடுவே வாயு மட்டும் சீறிப்பாய, எண்ணெய் குழாய்ச் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். உராய்வும் கம்ப்ரஸர் செலவும் ஏறும், எண்ணெய் குறையும்.

அடுத்தது, கிணற்றின் மேலே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திறப்பான சோக்கை அவசரப்பட்டு அகலத் திறப்பது. கோலி சோடாவில் கோலியை அழுத்தியதும் அதுவரை தெளிவாக இருந்த நீர் முழுவதும் நுரைக்கிறதல்லவா, அதே கதை பாறைக்குள் நடக்கும். எண்ணெயில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் பாறையின் நுண்துளைகளிலேயே பிரிந்து எண்ணெயின் வழியை மறிக்கும். வாயு எண்ணெயை முந்திக்கொண்டு ஓடிவிடும். எண்ணெயைத் தள்ளவேண்டிய ஆற்றலும் அதோடு போய்விடும். முதல் சில நாள் உற்பத்தி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதால்தான் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது என் எண்ணம்.

மேலிருந்து நீண்ட தண்டு ஏறி இறங்கி இயக்கும் தண்டு பம்பு பொருத்திய கிணற்றில், வாயு பம்புக்குள் சிக்கினால் ஒவ்வொரு அடிப்பிலும் அது அமுங்கி விரியுமே தவிர வால்வு திறக்காது. இயன்றவரை பம்பின் வாயை எண்ணெய் நுழையும் துளைகளுக்குக் கீழே வைத்தால் வாயு தனியே மேலேறிவிடும்.

அளவெடுப்பதிலும் கவனம் தேவை. ஓட்டம் விட்டுவிட்டுப் பொங்கும் கிணற்றில், பொங்கும் நேரத்து அளவை நாள் முழுவதற்கும் பெருக்கினால் கணக்கு பொய்த்துவிடும். வாயுவைச் சிறுசிறு படிகளாக மாற்றி, ஓட்டம் நிலைப்பட்ட பிறகு 24 மணி நேரம் அளந்து, அதன் பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும்.