வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றலாம், மரை கெடாமல்

பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது புதியவருக்கும் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் பிளக் திருகும் ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) அலுமினியம், பிளக்கின் உடம்பு எஃகு. கோணலாக ஏறினாலோ அளவுக்கு மீறி முறுக்கினாலோ அலுமினிய மரைதான் அரைபடும். பிளக் போனால் வேறு வாங்கலாம், மரை போனால் ஹெட் வேலை. அதனால் நிதானமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனிக் காயில் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) உள்ள எஞ்சினுக்கு இந்த முறை பொருந்தும்.

வாங்க வேண்டியவை

காரின் கையேட்டில் உள்ள பிளக் எண்ணையே வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மரையின் நீளம் வேறாக இருக்கலாம். நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கக்கூடும். கருவிகள்: ராட்செட், நீட்டுக் கம்பி, உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சாக்கெட் (பெரும்பாலும் 16 அல்லது 14 மி.மீ.), காயில் போல்ட்டுக்கு 10 மி.மீ. சாக்கெட், ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்).

கழற்றுதல்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் கைவைப்பது உத்தமம். சூட்டில் கழற்றினால் மரையும் சேர்ந்து உரிந்து வரக்கூடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, முதல் காயிலின் கனெக்டர் பூட்டை அழுத்தி இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். போல்ட்டைக் கழற்றியதும் காயிலை லேசாக இடவலமாகத் திருப்பி மேலே தூக்குங்கள்.

இப்போது பிளக் இருக்கும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். இதை விட்டுவிட்டால், பிளக் வெளியே வந்ததும் மணல் துகள் நேராக சிலிண்டருக்குள் விழும். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் சீல் கசிகிறது. அதையும் மாற்ற வேண்டும்.

பிளக் இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம். கால் சுற்று தளர்த்தி, சற்று உள்ளே திருப்பி, மறுபடி தளர்த்துங்கள். ஒரு சிலிண்டரை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

பழைய பிளக்கின் முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் என்றால் எல்லாம் சரி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு, பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்மானத்தின் அறிகுறி. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்த சிலிண்டரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

புதிய பிளக்கை ஏற்றுதல்

பிளக்கின் நடு முனைக்கும் வளைந்த வெளிக் கம்பிக்கும் உள்ள இடைவெளியைக் கேஜ் விட்டு அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். பல கார்களில் 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும். சாதாரண நிக்கல் பிளக்கில் வளைந்த வெளிக் கம்பியை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசி போன்றது, நெம்பினால் ஒடியும். அளவு தவறியிருந்தால் மாற்றி வாங்குவதே மேல். கீழே விழுந்த பிளக்கையும் போடாதீர்கள். பீங்கானில் விழும் கீறல் கண்ணுக்குத் தெரியாது.

சாக்கெட்டில் பிளக்கைச் செருகி, ராட்செட் இல்லாமல் நீட்டுக் கம்பியை விரலால் மட்டும் பிடித்து இறக்குங்கள். முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் சந்திக்கும் இடத்தில் பிளக் ‘டிக்’ என்று ஒரு துளி கீழே இறங்குவதை விரலில் உணரலாம். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு பல சுற்று போகும். ஓரிரு சுற்றிலேயே கனத்தால் கோணலாக ஏறுகிறது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

வாஷர் வந்து உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச். கையேட்டு அளவே முடிவு. வாஷர் உள்ள 14 மி.மீ. மரைக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. ரெஞ்ச் இல்லையென்றால், 14 மி.மீ. புதுப் பிளக்கை விரல் இறுக்கத்துக்குப் பின் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக முறுக்கினால் போதும். மரையில் கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள்: வழுக்கலால் அதே அளவு முறுக்கலே அதிகமாக இறுக்கிவிடும்.

காயிலை நேராக அழுத்தி, போல்ட் போட்டு, கனெக்டரை ‘கிளிக்’ என்று கேட்கும்வரை தள்ளுங்கள். எல்லா சிலிண்டரும் முடிந்ததும் பேட்டரி முனையை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் குலுங்கினாலோ எச்சரிக்கை விளக்கு மினுக்கினாலோ உடனே நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். பெரும்பாலும் ஏதோ ஒரு கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்காது.