செல்ஃப் எடுக்காத பழைய கார்: புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

என் பழைய கார் ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிதான் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, அன்றே புதிது வாங்கிப் பொருத்தினேன். புதுப் பேட்டரியின் தெம்பில் நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடியும் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை முனையில் களிம்பேறிக் கிடந்ததை அப்புறம்தான் கண்டுபிடித்தேன். உப்புத்தாளால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. கழற்றி வைத்த பழைய பேட்டரியில் ஒரு குறையும் இல்லை.

அன்று நான் செய்யாமல் விட்ட சோதனைகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். தேவையானவை ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஸ்பேனர்கள், ஒரு கம்பிப் பிரஷ், சாவியைத் திருப்ப ஓர் ஆள்.

தொடங்கும் முன்

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மோதிரம், கடிகாரம் இரண்டையும் கழற்றுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் அருகில் நெருப்பு கூடாது. ஒயரைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால், அந்த ஸ்பேனரே பழுக்கும் அளவுக்கு மின்சாரம் பாயும். (மிகப் பழைய சில கார்களில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியோடு இணைந்திருக்கும் முனை. அவற்றில் இந்த வரிசை தலைகீழ்.)

சோதனையின்போது எஞ்சின் ஓடத் தொடங்கிவிடக் கூடாது. பெட்ரோல் காராக இருந்தால், இக்னிஷன் காயிலுக்கு (பிளக்குகளில் பொறி உண்டாக்கும் பாகம்) வரும் பாசிட்டிவ் ஒயரைக் கழற்றி, முனை எதிலும் படாதபடி டேப் சுற்றிவிடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். இடையில் ஸ்டார்ட்டர் மோட்டார் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) ஆற நேரம் கொடுங்கள்.

படி 1: காதைக் கொடுங்கள்

‘டக்டக்டக்’ என்று விடாமல் அடித்தால் மின்னழுத்தம் போதவில்லை. சாலினாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) உள்ளே இழுத்துக்கொள்கிறது, மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது, அழுத்தம் சரிகிறது, சாலினாய்டு பிடியை விட்டுவிடுகிறது, மீண்டும் இழுக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ என்றால் சாலினாய்டின் தொடுமுனைகள், மோட்டாரின் கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டு), எர்த் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். சத்தமே இல்லையென்றால் சாவியின் கட்டளை மோட்டாருக்கே போய்ச் சேரவில்லை. மோட்டார் மட்டும் ‘கிர்ர்’ரென்று சுற்றி எஞ்சின் அசையவில்லையென்றால் மோட்டாரின் பல்சக்கரம் எஞ்சினோடு போய்ப் பொருந்தவில்லை. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் அது வேறு கதை; இந்தப் பதிவு அதற்கு உதவாது.

படி 2: ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்

வெளிச்சம் நன்றாக மங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். முழுவதும் அணைந்துபோனால் பேட்டரி டெர்மினலின் பிடிப்பைப் பாருங்கள். கொஞ்சமும் மங்கவில்லையென்றால் மோட்டாருக்குள் மின்சாரம் போகவே இல்லை. என் கார் கடைசி வகை. ஹெட்லைட்டுக்கு எர்த் பாடியிலிருந்து, மோட்டாருக்கு எர்த் எஞ்சினிலிருந்து. அதனால் எஞ்சினின் எர்த் கெட்டாலும் விளக்கு ஜம்மென்று எரியும்.

படி 3: பேட்டரியை இரண்டு முறை அளங்கள்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுமை, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள்.

இந்த ஓர் அளவோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. சும்மா இருக்கும் பேட்டரி தன் நோயைக் காட்டாது. செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முறை அளங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. முழு சார்ஜில் இருந்தும் 8-க்கோ 7-க்கோ விழுந்தால் பேட்டரி கெட்டிருக்கலாம். மோட்டார் இறுகியிருந்தாலும் இப்படி விழும் என்பதால், நல்ல பேட்டரி ஒன்றை மாட்டிப் பார்த்துவிடுங்கள். மாறாக, மோட்டார் சுற்றாமலேயே 12.5-இல் அசையாமல் நின்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம்.

படி 4: இடையில் தொலையும் வோல்ட்டைப் பிடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் 150, 200 ஆம்பியர் வரை இழுக்கும். ஓர் இணைப்பில் 0.005 ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியரில் ஒரு வோல்ட் அங்கேயே காணாமல் போகும். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் இவ்வளவு சிறிய தடை தெரியாது. ஒயரில் ஓர் இழை மட்டும் மிச்சமிருந்தாலும் ‘பீப்’ அடித்து நல்ல ஒயர் என்று சான்றிதழ் கொடுத்துவிடும். எனவே சுமை பாயும்போது அளக்க வேண்டும்.

சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழிலும், கறுப்பு முனையை அந்தத் தடித்த ஒயர் போய்ச் சேரும் ஸ்டார்ட்டர் போல்ட்டிலும் வையுங்கள். குமிழைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் அல்ல, குமிழிலேயே வைக்க வேண்டும்; பெரும்பாலும் கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அடுத்து, கறுப்பு முனையை நெகட்டிவ் குமிழிலும் சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வையுங்கள். இங்கே 0.2, மிஞ்சினால் 0.3.

அளவு கூடினால் ஒவ்வோர் இணைப்பாக நெருங்கிச் செல்லுங்கள்: குமிழுக்கும் கிளாம்ப்புக்கும், கிளாம்ப்புக்கும் ஒயருக்கும், ஒயருக்கும் எஞ்சினுக்கும். வோல்ட் எங்கே தாவுகிறதோ அங்கே கழற்றித் தேயுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, நீலப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவலாம். நீர் பேட்டரிக்குள் இறங்கிவிடக் கூடாது.

படி 5: சத்தமே வராதபோது

சாலினாய்டில் மெல்லிய ஒயர் ஒன்று மாட்டியிருக்கும். சாவியைத் திருப்பும்போது அதில் பேட்டரி வோல்ட்டுக்கு நெருக்கமாக வர வேண்டும். வராவிட்டால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் என்று பின்னோக்கிப் போங்கள். ஆட்டோமேட்டிக் காரில் லீவரை பி-யிலிருந்து (பார்க்) என்-க்கு (நியூட்ரல்) மாற்றிப் பாருங்கள். சில சமயம் லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை உணரும் சுவிட்ச்தான் தேய்ந்திருக்கும். வோல்ட் வந்தும் மௌனம் என்றால் சாலினாய்டைக் கழற்ற வேண்டியதுதான்.

‘டக்’ மட்டும் வந்து, படி 4 அளவுகளும் சரியாக இருந்தால், ஸ்டார்ட்டர் உடம்பில் மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உடனே சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தட்டி ஓட்டுவது வீடு போய்ச் சேரும் வரைக்கும் மட்டுமே. ஓங்கி அடித்தால் சிலவகை மோட்டார்களின் உள்ளே இருக்கும் காந்தம் உடைந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டுகளையும் இணைக்கும் வித்தையை மட்டும் முயல வேண்டாம். பொறி தெறிக்கும்; கியரில் இருந்தால் கார் உங்கள் மேலேயே பாயும்.

படி 6: கிளம்பிய பிறகு

கழற்றிய காயில் ஒயரை மாட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) சார்ஜ் செய்கிறது. ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள மிகப் பழைய கார் என்றால் ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்து அளங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இரவில் மட்டும் சார்ஜ் இறங்கினால், எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் குமிழுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். இந்நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்; எதைப் பிடுங்கியதும் அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. ரேடியோவைச் சந்தேகிப்பதற்கு முன் டிக்கி விளக்கைப் பாருங்கள். மூடியபிறகும் எரிகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பல்பைத் தொட்டால் சூடு சொல்லிவிடும்.