குளோபின் குடும்பத்துக்கு மரம் போடலாம், வேரைச் சரியாக வைத்து

எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட் வேலைக்காகக் காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கு வருவார்கள். புரதங்களின் உறவு மரம் (எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் வரைபடம்) போடுவதை அவர்களுக்குச் செய்து காட்டினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். டி.என்.ஏ., அமினோ அமிலம் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பே போதும். பெரிய கணக்கையெல்லாம் சர்வர் பார்த்துக்கொள்ளும்.

எடுத்துக்கொள்வது குளோபின் குடும்பம், அதாவது ஹீமோகுளோபினும் அதன் உறவுப் புரதங்களும். சின்னப் புரதங்கள் என்பதால் முதல் முயற்சிக்கு ஏற்றவை: மனித ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலி 142 அமினோ அமிலம், பீட்டா சங்கிலி 147, தசையில் இருக்கும் மயோகுளோபின் 154. பழைய ஜீன் ஒன்று திரும்பத் திரும்ப இரட்டித்து வந்த குடும்பம் இது. இன்று மனிதரில் ஆல்ஃபா ஜீன்கள் 16வது குரோமோசோமிலும் பீட்டா 11லும் இருக்கின்றன.

படி 1: வரிசைகள்

புரத வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் யூனிப்ராட் தளத்துக்குப் போங்கள். மனிதர், கோழி, ஜீப்ரா மீன் ஆகிய மூன்றிலும் ஆல்ஃபா, பீட்டா, மயோகுளோபின், நியூரோகுளோபின் (நரம்புச் செல்களில் இருப்பது) என நாலு நாலு எடுத்தால் மொத்தம் 12. மனித ஆல்ஃபாவின் எண் பி69905, பீட்டா பி68871. முடிந்தவரை 'ரிவ்யூட்' (ஆள் சரிபார்த்தது) குறி உள்ள பதிவையே எடுங்கள். ஒரே ஜீனின் இரண்டு வடிவங்களை இறக்கிவிட்டு, மரத்தில் ஜீன் இரட்டித்திருக்கிறது என்று துள்ள வேண்டாம்.

இறக்கிய ஃபாஸ்டா ஃபைலில் (வரிசைகளை எழுத்துகளாக வைத்திருக்கும் ஃபைல்) தலைப்பு வரிகளைச் சுருக்கிவிடுங்கள். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் இருக்கட்டும். இடைவெளியும் அடைப்புக்குறியும் பின்னால் தலைவலி.

படி 2: அலைன்மென்ட்

ஒத்த இடங்கள் ஒரே நெடுவரிசையில் வரும்படி வரிசைகளை அடுக்குவதுதான் அலைன்மென்ட். க்ளஸ்டல் ஒமேகா என்ற மென்பொருளும் இதைச் செய்யும்; எனக்கு மாஃப்ட்தான் பிடிக்கும். ஆன்லைனிலேயே ஓட்டலாம். வந்ததைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அலைன்மென்ட்டைக் காட்டும் அலிவியூவில் திறந்து, மனித பீட்டாவின் 93வது எழுத்தைத் தேடுங்கள். ஹீமின் (குளோபினுக்குள் ஆக்சிஜனைப் பிடிக்கும் பகுதி) இரும்பைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின் அதுதான். பாடப்புத்தகத்தில் 92 என்று இருக்கும். ஃபைலில் முதல் மெத்தியோனினும் எண்ணிக்கையில் சேருவதால் ஒன்று கூடுகிறது. அந்த நெடுவரிசையில் 12 புரதங்களிலும் ஹிஸ்டிடின் நிற்க வேண்டும். நிற்கவில்லையா? எடுத்த வரிசையே தவறாக இருக்கலாம், படி 1க்குத் திரும்புங்கள்.

படி 3: மரம்

மரத்தைக் கணக்கிடும் ஐக்யூ-ட்ரீயின் வெப் சர்வரில் ஏற்றி, மாடலை (அமினோ அமிலங்கள் மாறும் விதத்துக்கான கணக்கு) 'ஆட்டோ' என்று விட்டு, அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் (ஒவ்வொரு கிளையையும் எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் சோதனை) 1000 கொடுங்கள். இந்த முறையில் 95க்கு மேல் வந்த கிளையைத்தான் நம்பலாம். சாதாரண பூட்ஸ்ட்ராப்புக்குச் சொல்லும் 70 இங்கே செல்லாது. புரதங்கள் சின்னவை என்பதால் சில கிளைகளில் எண் குறையும், பரவாயில்லை.

படி 4: வேர்

பாதிப்பேர் வழுக்குவது இங்கேதான். வேர் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை நிற்கும் இடம். ஐக்யூ-ட்ரீ தரும் மரத்துக்கு அந்த வேர் கிடையாது. ஆனால் மரத்தை வரைந்து காட்டும் ஃபிக்ட்ரீயில் திறந்ததும் இடது ஓரத்தில் வேர் இருப்பதுபோலத்தான் தெரியும். வரைவதற்காக ஏதோ ஓர் இடத்தில் தொடங்கியிருக்கிறது, அவ்வளவே. அதை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டிவிடுவார்கள்.

இன்னொரு பழக்கம், 'மீன்தானே பழசு' என்று மீன் ஆல்ஃபாவில் வேர் வைப்பது. இன்று நீந்துகிற மீன் நமக்கு மூதாதை இல்லை. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதையிலிருந்து அதுவும் நம்மளவு காலம் கடந்துதான் வந்திருக்கிறது. அங்கே வேர் வைத்தால் ஜீன் எப்போது இரட்டித்தது என்ற கணக்கே தலைகீழாகிவிடும்.

நியூரோகுளோபின், முதுகெலும்பிகள் தோன்றும் முன்பே மற்றவற்றிலிருந்து பிரிந்துபோனது. அதனால் வேர் வைக்க அதுதான் சரி. மூன்று நியூரோகுளோபின்களும் சேரும் கிளையைச் சொடுக்கி (மூன்றில் ஒன்றை மட்டும் இல்லை) 'ரீரூட்' அழுத்துங்கள்.

இப்போது பாருங்கள். மனித ஆல்ஃபா, மனித பீட்டாவோடு இல்லை. கோழி ஆல்ஃபா, மீன் ஆல்ஃபாவோடு இருக்கிறது. ஆல்ஃபா கூட்டத்துக்குள் இருக்கும் கணுக்கள் இனங்கள் பிரிந்த இடங்கள். ஆல்ஃபாவும் பீட்டாவும் சேரும் கணு, ஜீன் இரட்டித்த இடம். முதல் வகையில் பிரிந்தவை ஆர்த்தலாக், இரண்டாவது வகையில் பிரிந்தவை பாராலாக். இந்தப் பாகுபாட்டை 1970ல் கொண்டுவந்தவர் வால்டர் ஃபிட்ச்.

சரி, கொஞ்சம் விளையாட வேண்டுமா? மூன்று உயிரிகளின் சைட்டோகுளோபினையும் (இன்னொரு வகைக் குளோபின்), தாடையில்லாத லாம்ப்ரே மீனின் பி02208 என்ற குளோபினையும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். லாம்ப்ரேயின் ஹீமோகுளோபின் நம் ஹீமோகுளோபினுக்கு அல்ல, சைட்டோகுளோபினுக்குத்தான் நெருக்கம் என்பது 2010ல் வெளியான ஆய்வு. ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் வேலை இரண்டு வம்சங்களில் தனித்தனியாக வந்திருக்கிறது.

பின்சேர்க்கை

"அக்கா, காசிமேட்டுல வாங்குற நண்டோட ரத்தம் நீலமாச்சே, அதை இந்த மரத்துல எங்கே வைக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வைக்கக் கூடாது. அது ஹீமோசயனின், தாமிரம் பிடிக்கும் வேறு புரதம். மாஃப்ட் எதைக் கொடுத்தாலும் அலைன் பண்ணித் தரும், ஐக்யூ-ட்ரீயும் மரம் போட்டுவிடும். உறவு இருக்கிறதா என்று அவை கேட்பதில்லை. கடம்பாவின் (கணவாய்) ரத்தத்திலும் ஹீமோசயனின்தான், அதுவும் நீலம்தான். ஆனால் நண்டினுடையதும் கடம்பாவினுடையதும் தனித்தனிக் குடும்பங்கள். பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே ஃபைலில் போடாதீர்கள்.

தவளையின் மயோகுளோபினைத் தேடி அலுத்துப்போனவர்களுக்கு: ஸீனோபஸ் தவளையில் அந்த ஜீனே இல்லை, தொலைந்துபோய்விட்டது. அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள்.