டன்னை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்: நிலக்கரி, யுரேனிய நிறுவனங்களின் வளர்ச்சியைக் கணிப்பதில் நேரும் தவறுகள்

சுரங்க நிறுவனத்தின் காலாண்டு அறிக்கை வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் போவது "உற்பத்தி எத்தனை டன்" என்ற வரிக்குத்தான். நிலக்கரியையும் யுரேனியத்தையும் பொறுத்தவரை அங்கேயே நின்றுவிடுவது பெரிய தவறு. மின் நிலையத்துக்குத் தேவை வெப்பம். ஒரு டன்னுக்குள் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பது சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும்.

இந்தியாவில் அனல் நிலக்கரியை ஜி1 முதல் ஜி17 வரை தரம் பிரிக்கிறார்கள். ஜி1 என்றால் கிலோவுக்கு 7,000 கிலோகலோரிக்கு மேல். அதற்குக் கீழே 300 கிலோகலோரிக்கு ஒரு படி. ஒரு நிறுவனம் போன ஆண்டு ஜி10 தரத்தில் (சராசரி 4,450) 10 கோடி டன் வெட்டியது, இந்த ஆண்டு ஜி13 தரத்தில் (சராசரி 3,550) 11 கோடி டன் வெட்டியது என்று வையுங்கள். எடையில் 10 சதவீதம் ஏற்றம். வெப்பத்தில் 12 சதவீதம் இறக்கம். விலையும் தரத்தை ஒட்டியே அமைவதால் வருமானமும் அதோடு இறங்கும். டன்னைச் சராசரி கலோரியால் பெருக்கிப் பார்க்காமல் எந்த வளர்ச்சி விகிதத்தையும் ஏற்காதீர்கள்.

கலோரி எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். ஆய்வகத்தில் காற்றில் உலர்த்திய மாதிரிக்கு ஒரு எண் வரும், மின் நிலையத்தில் இறங்கும் ஈரக் கரிக்கு வேறு எண் வரும். உலர் மாதிரி 4,200 கிலோகலோரி, அதில் ஈரம் 6 சதவீதம். வந்து சேர்ந்த கரியில் மொத்த ஈரம் 14 சதவீதம் என்றால், 4,200-ஐ 86-ஆல் பெருக்கி 94-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 3,840. ஜி11 ஆகப் புறப்பட்டது ஜி12 ஆகத்தான் உலைக்குள் போகிறது. மழைக்காலக் காலாண்டில் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

என்எல்சி போன்ற நிறுவனத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் பாதி எடை தண்ணீர்தான். கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி. ஒடிசாவின் தலபிரா சுரங்கத்தில் அதே நிறுவனம் எடுப்பது வேறு வகை நிலக்கரி. இரண்டையும் கூட்டி "மொத்த உற்பத்தி" என்று ஒரே எண்ணில் பார்த்தால் எதுவும் விளங்காது. தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

திறந்தவெளிச் சுரங்கமென்றால் மேல்மண் அகற்றிய அளவையும் தேடிப் பாருங்கள். நெய்வேலியில் ஒரு டன் கரிக்கு ஐந்து, ஆறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ளியாக வேண்டும். கரிப்படலத்துக்கு அடியிலுள்ள ஊற்றுநீரின் அழுத்தத்தையும் ஓயாமல் இறைத்துக் குறைக்க வேண்டும். கரி உற்பத்தி ஏறி மேல்மண் அகற்றல் இறங்கினால், ஏற்கெனவே திறந்து வைத்த கரியைத்தான் எடுத்துத் தீர்க்கிறார்கள். அடுத்த ஆண்டில் அது தெரியவரும். என்னைக் கேட்டால், உற்பத்தி எண்ணைவிட இந்த எண்தான் நேர்மையானது.

வெட்டியதெல்லாம் விற்றுவிட்டதாக நினைப்பது இன்னொரு தவறு. கோல் இந்தியா 2023-24 நிதியாண்டில் சுமார் 77.4 கோடி டன் வெட்டியது. அனுப்பியது சுமார் 75.3 கோடி டன். மீதி 2 கோடி டன்னைச் சுமக்க, ஒரு ரேக்குக்கு (முழுச் சரக்கு ரயில்) 4,000 டன் என்றால், 5,000 ரேக்குகள் வேண்டும். ரயில் பாதை தயாராகாத சுரங்கத்தில் உற்பத்தி கூடினால் குவியல்தான் கூடும். குவியலில் கிடக்கும் கரி காற்றுப்பட்டு வெப்பம் இழக்கும், தானாகவே தீப்பிடிக்கவும் செய்யும்.

யுரேனியத்துக்கு வருவோம். இங்கே அலகிலேயே தடுக்கி விழுகிறார்கள். கனடாவின் கேமிகோ நிறுவனம் பவுண்டில் சொல்லும், அதுவும் யுரேனிய ஆக்சைடின் எடையாக. கஜகஸ்தானின் கஜாடம்புரோம் டன்னில் சொல்லும், தனி யுரேனியத்தின் எடையாக. ஆக்சைடில் யுரேனியம் 84.8 சதவீதமே. ஒரு டன் யுரேனியம் என்றால் ஏறத்தாழ 2,600 பவுண்டு ஆக்சைடு. 2015-இல் கேமிகோ இந்தியாவுக்குத் தர ஒப்புக்கொண்டது 71 லட்சம் பவுண்டு. அதை ஆக்சைடாக எழுதினால் சுமார் 3,220 டன், யுரேனியமாக எழுதினால் சுமார் 2,730 டன். சரக்கு ஒன்றுதான், எண்கள்தான் இரண்டு.

அடுத்தது பங்கு விகிதம். கனடாவின் மெக்கார்தர் ரிவர் சுரங்கத்தில் கேமிகோவுக்கு ஏறக்குறைய 70 சதவீதம், அங்குள்ள சிகார் லேக் சுரங்கத்தில் 54.5 சதவீதம். "ஆண்டுக்கு 1.8 கோடி பவுண்டு" என்று வருவது முழுச் சுரங்கத்தின் கணக்கு, கேமிகோவுக்குச் சேருவது அதில் ஒரு பகுதிதான். கஜாடம்புரோமின் கூட்டு நிறுவனங்களுக்கும் இதே எச்சரிக்கை.

தாதுவின் செறிவைப் பார்க்காமல் தாது டன்னைப் பார்ப்பதும் வீண். சிகார் லேக் தாதுவில் பத்து சதவீதத்துக்கும் மேல் யுரேனிய ஆக்சைடு. ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியில் ஏறத்தாழ 0.04 சதவீதம், அதாவது ஒரு டன் பாறையில் 400 கிராம். அதில் முக்கால் பங்கு மீட்டாலும் ஒரு கிலோவுக்கு 3 டன்னுக்கு மேல் பாறையை அரைக்க வேண்டும். அங்கே பாறை சுண்ணாம்பு வகை. அமிலம் ஊற்றினால் பாறையே அதைக் குடித்துவிடும் என்பதால் காரக் கரைசலில் கரைத்தெடுக்கிறார்கள்.

செறிவு அதிகமென்றால் எல்லாம் எளிது என்றும் எண்ணாதீர்கள். சிகார் லேக் 2006-இலும் 2008-இலும் வெள்ளத்தில் மூழ்கியது. நிலத்தை உறைய வைத்துத்தான் அங்கே தாதுவை எடுக்க முடிகிறது. உற்பத்தி தொடங்கியது 2014-இல். "அடுத்த ஆண்டு உற்பத்தி தொடங்கும்" என்ற வாக்குறுதியை எடைபோட இந்த ஒரு சுரங்கத்தின் வரலாறு போதும். கஜகஸ்தானில் சிக்கல் வேறு: பூமிக்குள் கந்தக அமிலம் செலுத்திக் கரைத்தெடுக்கும் முறை. அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்தது, புதிய கிணற்றுத் தொகுதிகளின் வேலையும் தாமதமானது. 2024 ஆகஸ்டில் கஜாடம்புரோம் தன் 2025 இலக்கை 30,500–31,500 டன்னிலிருந்து 25,000–26,500 டன்னாகக் குறைத்தது. நிலத்தடியில் யுரேனியத்துக்குக் குறைவில்லை, அமிலத்துக்குத்தான் குறைவு.

விலையிலும் ஒன்று. 2024 ஜனவரியில் யுரேனியத்தின் ஸ்பாட் விலை (உடனடி விற்பனைச் சந்தை விலை) பவுண்டு 100 டாலரைத் தாண்டியதும், நிறுவனத்தின் முழு உற்பத்தியையும் அந்த விலையால் பெருக்கிக் காட்டியவர்கள் பலர். பெரும்பகுதி விற்பனை பல ஆண்டு ஒப்பந்தங்களில் நடக்கிறது. உச்ச வரம்பும் அடி வரம்பும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். அறிக்கையில் "சராசரி பெற்ற விலை" என்ற வரியைத் தேடி, அதால் பெருக்குங்கள்.

இரண்டு எரிபொருளையும் எடையால் ஒப்பிடுவதைப் போலத் தவறு வேறில்லை. கனநீர் அணு உலையில் ஒரு கிலோ இயற்கை யுரேனியம் தரும் வெப்பம் ஏறத்தாழ 1,68,000 யூனிட் (கிலோவாட் மணி). 4,000 கிலோகலோரி நிலக்கரியில் அதைப் பெற 36 டன் எரிக்க வேண்டும்.

கடைசியாக, யாருடைய யுரேனியம் எந்த உலைக்குப் போகிறது என்பது. ஜார்க்கண்டின் ஜாதுகோடா சுரங்கத்திலோ தும்மலப்பள்ளியிலோ உற்பத்தி கூடினால் கூடங்குளத்துக்கு எரிபொருள் கிடைக்கும் என்று எழுதுகிறார்கள். கூடங்குளம் செறிவூட்டிய யுரேனியத்தில், அதாவது பிளவுபடும் யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டிய எரிபொருளில் ஓடுகிறது. எரிபொருள் கட்டுகள் ரஷ்யாவிலிருந்து தயாராகவே வருகின்றன. கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலைகள் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு வெளியே இருப்பதால், அங்கே கஜக், கனடிய யுரேனியத்தைப் போட முடியாது. உள்நாட்டுச் சுரங்கங்களின் ஒவ்வொரு டன்னும் உண்மையில் கணக்காவது கல்பாக்கம் போன்ற இடங்களில்தான்.