பச்சை ஆயிஸ்டருக்கு வினிகர் சாஸ் பண்றது எப்படி

பாரிஸ்ல டிசம்பர் வந்துட்டா போதும், மீன் கடை வாசல்ல மரக்கூடை மரக்கூடையா சிப்பி, அதாவது ஆயிஸ்டர், வந்து இறங்கிடும், கிறிஸ்மஸுக்கும் புது வருஷத்துக்கும் சிப்பி இல்லாம இங்க பல வீட்ல சாப்பாடே கிடையாது. நான் இங்க வந்த முதல் குளிர்காலம் ஒரு ரெஸ்டாரண்ட் கிச்சன்ல வேலை பார்த்தேன், அப்ப கத்துக்கிட்டதுதான் இந்த சாஸ். வினிகர், எஷலோட், மிளகு, இந்த மூணு சாமான்தான், அடுப்பே வேணாம். ஆனா மூணே சாமான்ங்கிறதால ஒண்ணுல தப்பு பண்ணா மறைக்க இடம் இருக்காது, அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதுறேன்.

இங்கிலீஷ் மெனுல இதுக்கு மிஞோனெட் சாஸ்னு போட்டிருப்பாங்க. பிரெஞ்சுக்காரங்க கிட்ட மிஞோனெட்னா கொரகொரப்பா இடிச்ச மிளகு, அந்த மிளகுப் பேரே சாஸுக்கும் வந்துடுச்சு. சாதாரண கடையில வெறுமனே எஷலோட் வினிகர்னுதான் கேப்பாங்க. எஷலோட்னா நம்ம சின்ன வெங்காயத்துக்கு சொந்தக்காரன், ரோஸ் கலர்ல நீளமா இருக்கும். சாம்பல் கலர்ல தடிமனான தோலோட இன்னொண்ணு கிடைக்கும், அது வேற இனமே, வாசனை அதிகம், கிடைச்சா அதை விட்டுடாதீங்க. ரெண்டுமே இல்லன்னா நம்ம சின்ன வெங்காயம் தாராளமா போடலாம், கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும் அவ்வளவுதான். பெரிய வெங்காயம் மட்டும் வேணாம், தண்ணி விட்டு சாஸை நீர்த்துப்போக வச்சிடும்.

ரெண்டு டஜன் சிப்பிக்கு அளவு சொல்றேன். ரெட் ஒயின் வினிகர் 100 மில்லி, தோல் உரிச்ச எஷலோட் ஒரு 50 கிராம், அதாவது நடுத்தர சைஸ்ல ரெண்டு, சின்ன வெங்காயம்னா ஆறு ஏழு, அப்புறம் இடிச்ச மிளகு ஒரு டீஸ்பூன். ஒரு சிப்பிக்கு அரை டீஸ்பூன் சாஸ்தான் போகும், அதனால கொஞ்சம் மிச்சமாகும், ஆகட்டும்.

வெங்காயம் நறுக்குறதுலதான் பாதி வேலை இருக்கு. நான் முதல் நாள் அவசரத்துல மெஷின்ல போட்டு ஒரு சுத்து சுத்திட்டேன், பக்கத்துல நின்ன யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டு "தம்பி, இதை மெஷின்ல போடாதை, கத்தியால வெட்டு, இல்லாட்டி கசக்கும்"னு சொல்லி அத்தனையையும் ஓரமா தள்ளி வச்சுட்டு புதுசா வெட்டிக் காட்டினார். அவர் சொன்னது அப்படியே உண்மை. மெஷின் வெங்காயத்தை வெட்டாது, நசுக்கும், நசுங்க நசுங்க அந்த கந்தக நெடி நிறைய வெளிய வரும், வினிகரும் கலங்கிப் போகும். கத்தியை நல்லா தீட்டிக்கிட்டு, எஷலோட்டை நீளவாக்குல ரெண்டா வெட்டி, வேர்ப்பக்கத்தை விடாம மெல்லிசா கீறல் போட்டு, அப்புறம் குறுக்க நறுக்கணும், ஒவ்வொரு துண்டும் கடுகை விட கொஞ்சம் பெருசா இருந்தா சரி. ஒரே அளவா இருக்கணும், அதுதான் முக்கியம், ஏன்னா சிப்பியை வாயில போட்டு ரெண்டு மூணு கடிலயே முழுங்கிடுவோம், பெரிய துண்டு ஒண்ணு மாட்டினா அந்த வாய் முழுக்க வெங்காயம் மட்டும்தான் தெரியும். வெட்டின பிறகு கத்தியால மறுபடி மறுபடி கொத்தாதீங்க, அதுவும் நசுக்குற மாதிரிதான்.

மிளகை உரல்ல போட்டு நாலு தட்டு தட்டுங்க, ஒவ்வொண்ணும் நாலஞ்சு துண்டா உடைஞ்சா போதும். தூள் நிறைய விழுந்தா டீ வடிகட்டியில சலிச்சு தூளை எடுத்துடுங்க, அது சாஸை அழுக்குத் தண்ணி மாதிரி ஆக்கிடும், மேல நிக்கிற மிளகுதான் நமக்கு வேணும். பாக்கெட் மிளகுத்தூள் இதுக்கு ஆகவே ஆகாது.

வினிகர் விஷயத்துல கொஞ்சம் காசு செலவு பண்ணுங்கன்னு சொல்லுவேன். இங்க ஒயின் வினிகர் பாட்டில்ல 6 சதவீதம் இல்ல 7 சதவீதம் புளிப்புன்னு போட்டிருக்கும், ஒயின்ல இருந்து வந்த பழ வாசனையும் அதுல இருக்கும். ஊர்ல மளிகைக் கடையில வாங்குற சிந்தெடிக் வெள்ளை வினிகர்ல வெறும் அசிட்டிக் ஆசிட் புளிப்புதான், வாசனைன்னு ஒண்ணும் கிடையாது, ஊறுகாய்க்கும் சைனீஸ் சமையலுக்கும் சரி, இதுக்கு வேணாம். வினிகர் ரொம்ப சுள்ளுனு இருந்தா ரெண்டு டேபிள்ஸ்பூன் ஒயிட் ஒயின் இல்ல சாதாரண தண்ணி கலந்துக்கலாம், ஒரு சிட்டிகை சர்க்கரையும் போடலாம். பால்சமிக் வினிகர் மட்டும் வேணாம், இனிப்பும் கருப்பும் சேர்ந்து சிப்பியோட ருசியை அமுக்கிடும்.

உப்பு போடவே கூடாது. சிப்பி கடல் தண்ணியை உள்ள வச்சுக்கிட்டே வருது, அந்த உப்பே ஜாஸ்தி. நிறைய பேர் பழக்க தோஷத்துல ஒரு சிட்டிகை போட்டுட்டு அப்புறம் சிப்பி கரிக்குதுன்னு கடைக்காரனை திட்டுறாங்க.

மூணையும் கண்ணாடி கிண்ணத்துல கலந்து மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. அலுமினியம் பாத்திரம் வேணாம், புளிப்புக்கு அது ஒத்துக்காது. அரை மணி நேரம் கண்டிப்பா ஊறணும், ரெண்டு மணி நேரம் ஊறினா இன்னும் நல்லா இருக்கும். ஊற ஊற வெங்காயத்தோட பச்சை நெடி அடங்கி, ரோஸ் எஷலோட்னா நிறமும் பளிச்சுனு ஏறும். மறுநாள் வரைக்கும் விட்டா மொறுமொறுப்பு போயிடும், அதனால விருந்து அன்னைக்கு காலையில பண்ணா போதும்.

இது கைக்கு வந்துட்டா மாத்தி மாத்தி பண்ணலாம். நார்மண்டி, பிரெட்டனி பக்கம் ஆப்பிள் விளையுற ஊர், அதனால சைடர் வினிகர்ல பச்சை ஆப்பிளை எஷலோட் அளவுக்கே நறுக்கிப் போட்டா அருமையா இருக்கும், ஆனா ஆப்பிளை கடைசி நிமிஷத்துல போடணும். எனக்கு ரொம்ப பிடிச்சது ரைஸ் வினிகர் 80 மில்லி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, துருவின இஞ்சி அரை டீஸ்பூன், விதை எடுத்து பொடியா நறுக்கின பச்சை மிளகாய் பாதி, கொத்தமல்லித் தண்டு கொஞ்சம். ரைஸ் வினிகருக்கு புளிப்பு கம்மி, அதனால எலுமிச்சை ஈடு கட்டுது. கொரியாவுல பச்சை சிப்பிக்கு சோகொச்சுஜாங்னு ஒண்ணு வைப்பாங்க, கொச்சுஜாங் மிளகாய் விழுது ரெண்டு பங்குக்கு வினிகர் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, கொஞ்சம் நசுக்கின பூண்டு, மேல எள்ளு. இது கெட்டியா உறைப்பா இருக்கும், பெரிய சைஸ் சிப்பிக்குத்தான் தாங்கும்.

சைஸ்னதும் ஞாபகம் வருது, பிரான்ஸ்ல சிப்பிக்கு நம்பர் உண்டு, நம்பர் குறைய குறைய சிப்பி பெருசு. ஒரு பக்க ஓடு குழிவா இருக்குற குழிச் சிப்பியில நம்பர் 3 ஓட்டோட 66ல இருந்து 85 கிராம், முதல் தடவை சாப்பிடுறவங்களுக்கு இதுவே சரியான அளவு. கான்கால், ஆர்காஷோன், மரென் ஓலெரோன்னு ஊர்ப் பேர் போட்டு விப்பாங்க. மரென் ஓலெரோன்ல கிளேர்னு சொல்ற ஆழமில்லாத களிமண் குட்டையில கொஞ்ச நாள் விட்டு எடுக்குறாங்க, அங்க வளர்ற ஒரு நுண்பாசியால சிப்பியோட செவுள் பச்சையாயிடும், கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க. தட்டைச் சிப்பின்னு ஒண்ணு இருக்கு, பெலோன்னு பேர், அதுக்கு சாஸே வேணாம்ங்கிறது என் எண்ணம், அதோட உலோக ருசி மேல வினிகர் பட்டா வீணாப்போகும்.

வாங்கும்போது ஓடு இறுக்கமா மூடியிருக்கணும், லேசா திறந்திருந்தா தட்டிப் பாருங்க, உடனே மூடினா உசுரோட இருக்கு, மூடலன்னா தூக்கிப் போடுங்க. வீட்டுக்கு வந்ததும் குழிப்பக்கம் கீழ இருக்குற மாதிரி அடுக்கி மேல ஈரத்துணி போட்டு ஃப்ரிட்ஜோட அடிப்பக்கம் வைங்க, நல்ல தண்ணியில மட்டும் ஊறப்போடாதீங்க, செத்துடும். திறக்கிறப்ப கையில தடிமனான துணி சுத்திக்கிட்டு சிப்பிக்குன்னு இருக்குற குட்டைக் கத்தியால திறக்கணும், சமையல் கத்தி வழுக்கினா உள்ளங்கையில ஏறிடும். திறந்ததும் முதல்ல இருக்குற தண்ணியை கொட்டிடுங்க, பத்து நிமிஷத்துல சிப்பி தானாவே மறுபடி தண்ணி விடும், அந்த ரெண்டாவது தண்ணிதான் ருசி.

ஐஸ் மேல அடுக்கி, நடுவுல சாஸ் கிண்ணம், ஓரத்துல ரை பிரெட்டும் உப்பு வெண்ணெயும். முதல் சிப்பியை சாஸ் இல்லாமலே சாப்பிடச் சொல்லுவேன் நான், அப்பதான் எவ்வளவு ஊத்தணும்னு உங்களுக்கே தெரியும். வெங்காயமும் வினிகரும் சேர்ந்து வர்ற மாதிரி கலக்கிட்டு அரை டீஸ்பூன், அதுக்கு மேல வேணாம்.

இப்ப ஒரு விஷயம், இதை தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. வினிகர் கிருமியைக் கொல்லும், எலுமிச்சை கொல்லும், காரம் கொல்லும்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் நம்புறாங்க. கொல்லாது. விப்ரியோ பாக்டீரியாவும் சரி, வாந்தி பேதி வரவைக்கிற நோரோவைரஸும் சரி இந்த சாஸுக்கு அசையாது. 2023 டிசம்பர் கடைசியில, புது வருஷத்துக்கு சில நாள் முன்னாடி, ஆர்காஷோன் சிப்பி விற்பனையையே நோரோவைரஸால நிறுத்தி வச்சாங்க, அவ்வளவு கண்காணிப்பு இருக்குற இடத்துலயே அப்படி. கர்ப்பமா இருக்குறவங்க, ஈரல் கோளாறு உள்ளவங்க, சக்கரை வியாதிக்காரங்க, வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க பச்சையா சாப்பிடவே வேணாம்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கும் இதேதான். தூத்துக்குடி, பழவேற்காடு பக்கமெல்லாம் சிப்பி உண்டு, ஆனா நம்ம கழிமுகத் தண்ணி வருஷம் பூரா சூடு, அந்த சூட்டுல விப்ரியோ நல்லா பெருகும், அதனால பச்சையா வேணாம். ஓட்டை நல்லா தேச்சுக் கழுவி, ஆவி வந்துக்கிட்டு இருக்குற இட்லிப் பானையில அடுக்கி மூடிடுங்க, வாய் திறந்ததோட இறக்காம உள்ள சதை நல்லா சுருங்கி வேகுற வரைக்கும் விடுங்க, திறக்காததை வீசிடுங்க. வெந்த சிப்பி கொஞ்சம் இனிக்கும், அதுக்கு இதே சாஸ்ல மிளகை ஒன்றரை டீஸ்பூனா ஏத்தி சூடா இருக்கும்போதே ஊத்தினா பிரமாதமா சேரும்.

மிச்ச சாஸ் ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள் தாங்கும், ஆனா சிப்பி பட்ட ஸ்பூனை உள்ள விட்டிருந்தா வச்சுக்காதீங்க. வெங்காயம் மெத்துனு ஆனதும் சிப்பிக்கு ஆகாது, அவிச்ச உருளைக்கிழங்கை சூட்டோட உடைச்சு அது மேல ஊத்தி கொஞ்சம் எண்ணெயும் உப்பும் விட்டுப் பாருங்க, இல்லன்னா வறுத்த மத்தி மீன் மேல ஒரு ஸ்பூன்.